சுவத்துக்கு ரெண்டு பக்கமும்: ஒரு கேட்டட் கம்யூனிட்டிக்குப் பக்கத்துல குறைஞ்ச வாடகை வீடு வந்த கதை, ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

குறைஞ்ச வாடகைக்கு வீடு கட்டித் தர்ற, லாப நோக்கம் இல்லாத ஒரு அமைப்புல நான் அப்ப வேலை பார்த்தேன். கட்டறது என் வேலை இல்ல, அக்கம்பக்கத்து ஆட்கள்கிட்ட போய்ப் பேசறதுதான் என் வேலை. இந்த விஷயம் ஆரம்பிச்சு முடிய கிட்டத்தட்ட நாலு வருஷம் ஆச்சு. ஆட்கள் பேரோ எடத்தோட பேரோ இதுல வராது, எங்க அமைப்பு பேரும் வராது. நாங்க பண்ணின தப்பையும் சேத்துத்தான் எழுதறேன், ஏன்னா அதுல இருந்துதான் நெறைய கத்துக்கிட்டோம்.

எடம் எப்படின்னா, ஒரு பக்கம் 210 தனி வீடு இருக்கற கேட்டட் கம்யூனிட்டி. சுத்தி காம்பவுண்ட் சுவர், முன்னாடி பெரிய கேட், செக்யூரிட்டி. பின் பக்கம் சுவத்துல துருப்பிடிச்ச ஒரு சின்ன கேட்டு, அதத் தொறந்தா ஒரு காலி மனை, அந்த மனைய குறுக்க நடந்து போனா பஸ் ஸ்டாப்பும் ஸ்கூலும் கிட்ட. அந்த மனை உள்ளாட்சியோடது, பல வருஷமா புதர் மண்டிக் கெடந்துச்சு. அதத்தான் எங்க அமைப்புக்குக் குடுத்தாங்க, 72 ஃபிளாட் கட்டலாம்னு திட்டம். வருமான வரம்புக்குக் கீழ இருக்கறவங்களுக்கு மட்டும். அப்படின்னா யாருன்னு நெனைக்கறீங்க, பஸ் ஓட்டறவங்க, ஆஸ்பத்திரில உதவியாளரா இருக்கறவங்க, கடைல பில் போடறவங்க, ஸ்கூல்ல ஆயா வேலை பாக்கறவங்க.

முதல் ரெண்டு மாசம் காதுல விழுந்தது

அறிவிப்பு வெளிய வந்த ஒன்பதாவது நாள் கேட்டட் கம்யூனிட்டி குடியிருப்போர் சங்கத்து லெட்டர் வந்துச்சு, கூடவே 163 கையெழுத்து. காரணம்னு அஞ்சு எழுதியிருந்தாங்க: போக்குவரத்து நெரிசல், கழிவுநீர்க் குழாய் தாங்காது, ஸ்கூல்ல எடம் பத்தாது, கட்டடம் ஏரியாவோட தோற்றத்துக்குப் பொருந்தாது, மரம் வெட்டணும். மரம்னு அவங்க சொன்னது அந்த முள்ளுப் புதரத்தான். ஏழைங்க வர்றாங்கன்னு எந்த எடத்துலயும் ஒரு வார்த்தை கெடையாது. ஆனா அவங்க வாட்ஸ்அப் குரூப்ல என்ன ஓடுதுன்னு அங்க இருந்த ஒருத்தரே எனக்குக் காட்டினாரு, அதுல இந்த அஞ்சு காரணத்துல ஒண்ணுகூட இல்ல. திருட்டு, போதை, வீட்டு வெல எறங்கிடும், நம்ம பிள்ளைங்க அவங்க பிள்ளைங்களோட, இப்படித்தான் ஓடுச்சு.

இத வெச்சு அவங்க எல்லாரையும் பொய்க்காரங்கன்னு முடிவு கட்டறது ஈஸி. நானும் முதல்ல அப்படித்தான் நெனச்சேன். வில்லியம் ஃபிஷல்னு ஒரு பொருளாதார அறிஞர் 2001ல ஒரு விளக்கம் சொன்னாரு, சொந்த வீடு வெச்சிருக்கறவனுக்கு பெரும்பாலும் மொத்த சொத்துமே அந்த ஒரு வீடுதான், தீப்பிடிச்சா இன்சூரன்ஸ் இருக்கு, ஆனா ஏரியா மதிப்பு போச்சுன்னா எந்த இன்சூரன்ஸும் கெடையாது, அதனாலதான் ஓட்டுலயும் கூட்டத்துலயும் அவன் இவ்வளவு ஆவேசமா எறங்கறான்னு. அதப் படிச்சிருந்தும் அன்னிக்கு அது எனக்கு ஞாபகத்துக்கு வரல.

இன்னொரு விஷயமும் இருந்துச்சு, அத வெளிய சொல்ல முடியாத நெலம. வீட்டுக்கு விண்ணப்பிச்சவங்க பட்டியல் எங்ககிட்ட இருந்துச்சு, அதுல அதே கேட்டட் கம்யூனிட்டி கேட்டுல நிக்கற செக்யூரிட்டி ஆட்கள் ரெண்டு பேர் பேரு இருந்துச்சு. தெனமும் இவங்களுக்கு கேட்டத் தொறந்து விடற ஆளுதான் நாளைக்கு பக்கத்து வீட்டுக்காரரா வரப்போறாருன்னு சொல்லிடலாமான்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. சொல்லல. அது அவங்க தனிப்பட்ட விஷயம், வேலை போனாலும் போயிருக்கும்.

பெரிய கூட்டமும் நான் மறைச்ச நம்பரும்

மூணாவது மாசம் உள்ளாட்சி ஏற்பாட்டுல பொதுக்கூட்டம். சாயங்காலம் ஆறு மணி. சுமார் 130 பேர், பெரும்பாலும் வயசானவங்க, சொந்த வீட்டுக்காரங்க. அந்த கம்யூனிட்டிக்குள்ளயே வாடகைக்கு இருக்கற சின்ன வயசுக்காரங்க ஒருத்தரும் வரல. இது நம்ம ஊருக்கு மட்டும் உள்ள கதை இல்ல. அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் மாநிலத்துல பல ஊர்களோட கூட்டக் குறிப்புகள எடுத்து பாஸ்டன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் பாத்தப்பவும் இதேதான் தெரிஞ்சுது, எந்திரிச்சுப் பேசறவங்க வயசு கூடினவங்க, ஆம்பளைங்க, ரொம்ப நாளா இருக்கற சொந்த வீட்டுக்காரங்க, அதுல பெரும்பாலானவங்க எதிர்ப்புதான்.

நான் தயார் பண்ணிட்டுப் போனது மவுண்ட் லாரல் கதைய. நியூ ஜெர்சில அந்த ஊர்மேல போட்ட கேஸ்ல, ஏழைங்களுக்கு எடமே இல்லாத மாதிரி கட்டட விதி போடக்கூடாதுன்னு மாநில உச்ச நீதிமன்றம் 1975ல தீர்ப்பு குடுத்துச்சு. அதுக்கப்புறமும் இழுத்தடிச்சு, 140 வீட்டுத் திட்டத்துல முதல் ஆள் குடிவர 2000 ஆயிடுச்சு. கிட்டத்தட்ட இருவத்தஞ்சு வருஷம். அக்கம்பக்கத்துல அப்படி ஒரு எதிர்ப்பு. அப்புறம் சமூகவியல் ஆய்வாளர் டக்ளஸ் மாஸியும் அவரு கூட்டாளிகளும் அத ஆராய்ஞ்சு 2013ல வெளியிட்டாங்க, அதே மாதிரி மத்த ஊர்களோட ஒப்பிட்டா குற்றமும் கூடல, வீட்டு வெலயும் எறங்கல, வரியும் ஏறல. பக்கத்துல குடியிருந்தவங்கள்ல கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு பேருக்கு அப்படி ஒரு குடியிருப்பு அங்க இருக்கறதே தெரியல. இத ஸ்லைடு போட்டுக் காட்டினேன், நல்லாத்தான் போச்சு.

அப்ப பின் வரிசைல இருந்து ஓய்வு பெற்ற ஆடிட்டர் ஒருத்தர் எந்திரிச்சாரு. கைல நாலு பக்கம் பிரிண்ட் அவுட். "சார், ஸ்டான்ஃபோர்டுல டயமண்ட், மெக்வேட்னு ரெண்டு பேர் 2019ல ஒரு ஆய்வு போட்டிருக்காங்க, வசதியான ஏரியாவுல குறைஞ்ச வாடகைக் கட்டடம் வந்தா பக்கத்து வீட்டு வெல 2.5 சதவீதம் எறங்குதுன்னு இருக்கு. இது உங்களுக்குத் தெரியுமா தெரியாதா, அத மட்டும் சொல்லுங்க."

தெரியும். எனக்கு நல்லாவே தெரியும். அதே ஆய்வு ஏழை ஏரியாவுல இப்படிக் கட்டடம் வந்தா வெல 6.5 சதவீதம் ஏறுதுன்னும் சொல்லுது, எறங்கறதும் 0.1 மைல், அதாவது சுமார் 160 மீட்டருக்குள்ள இருக்கற வீட்டுக்குத்தான், அதுவும் சிறுபான்மையினர் குறைவா இருக்கற வசதியான ஏரியாவுல. இதெல்லாம் சொல்லலாம்தான். ஆனா நான் அத ஸ்லைடுல போடாம விட்டது வேணும்னேதான், அது முகத்துலயே எழுதி ஒட்டியிருந்துச்சு போல. "தெரியும்"னு சொன்னேன், அதுக்கப்புறம் நான் சொன்ன எதையும் யாரும் கேக்கல. 6.5 பத்தி சொல்ல ஆரம்பிக்கும்போதே பாதிப் பேர் எந்திரிச்சுட்டாங்க.

பயந்துபோய் விட்டுக் குடுத்தது

கூட்டம் முடிஞ்ச ஒரு வாரத்துல எங்க அமைப்புக்குள்ள அவசர மீட்டிங். ஏதாவது ஒண்ணு குடுத்தாத்தான் அமைதியாவாங்கன்னு முடிவு பண்ணி 72 ஃபிளாட்ட 64 ஆக்கி, மிச்ச எடத்துல கூடுதல் பார்க்கிங் விடறோம்னு அறிவிச்சோம். நானும் சரின்னுதான் சொன்னேன். அதுக்கு சங்கத்துல இருந்து ஒரு நன்றி லெட்டர்கூட வரல, இன்னும் கொறைக்கணும்னுதான் வந்துச்சு.

வீடு வீடா போனது

அப்புறம்தான் புத்தி வந்து ரூட்ட மாத்தினோம். நானும் கூட வேலை பாக்கற ஒரு அக்காவும் பதினோரு வாரத்துல 58 வீட்டுக்குப் போனோம். ஸ்லைடு கெடையாது, புள்ளிவிவரம் கெடையாது. ஆடிட்டர் வீட்டுக்கு முதல்ல போய், அன்னிக்கு நான் பண்ணினது தப்புன்னு சொல்லிட்டு, அந்த ஆய்வ முழுசா அவரு மேஜை மேல வெச்சுப் படிச்சோம். அவரு வீடு சுவத்த ஒட்டித்தான் இருந்துச்சு, 160 மீட்டர் கணக்குக்குள்ள வர்ற வீடு. அவரு பயம் நெசமான பயம்.

எல்லார்கிட்டயும் கேட்டது ஒரே கேள்வி. எந்த எடத்துல, எந்த நேரத்துல, என்ன நடக்கும்னு நெனைக்கறீங்க? இந்தக் கேள்விக்கு முன்னாடி "அந்த மாதிரி ஆளுங்க"ன்னு பொத்தாம் பொதுவா நிக்கற பேச்சு கொஞ்சம் கொஞ்சமா கீழ எறங்கி வந்துடும். மூணாவது மாடி ஜன்னல்ல இருந்து பாத்தா எங்க பின்வாசல் தெரியும்னு ஒரு அம்மா. ராத்திரி வண்டி ஹெட்லைட் படுக்கை ரூம்ல அடிக்கும்னு ஒருத்தர். எங்க தெருவுல வந்து வண்டிய நிறுத்திடுவாங்கன்னு பத்துப் பதினஞ்சு பேர். கட்டி முடிச்சு ரெண்டு வருஷத்துல பெயிண்ட் உரிஞ்சு, லைட் எரியாம, கேக்க ஆளில்லாம கெடக்கும்னு நெறையப் பேர். அப்புறம் அந்தப் பின் கேட்டு, அது வழியா யாரெல்லாம் வருவாங்க.

58 வீட்டுல ஒரு வீட்டுல கூட, 72 அதிகம், 64 பரவால்லன்னு யாரும் சொல்லல. எண்ணிக்கைய யாருமே பேசல.

மறக்க முடியாதது ஒரு அம்மா. ரொம்பக் கடுமையா எதிர்த்தவங்க அவங்கதான், கையெழுத்து வாங்கினதும் அவங்கதான். உக்கார வெச்சு அரை மணி நேரம் பேசினதுக்கு அப்புறம் சொன்னாங்க, நான் வளந்ததே இந்த மாதிரி வீட்டுலதாங்க, அங்க இருந்து வெளிய வர எனக்கு இருவது வருஷம் ஆச்சு, இப்ப அது என் பின்னாடியே நடந்து வந்து என் வாசல்ல நிக்குதுன்னு. அதுக்கு என்ன பதில் சொல்றது. நான் ஒண்ணும் சொல்லல, அந்த அக்கா மட்டும் நீங்க இருந்த எடத்துல என்ன சரியில்லாம இருந்துச்சுன்னு கேட்டாங்க. படிக்கட்டு, லைட் இல்லாத படிக்கட்டுன்னு ஒடனே பதில் வந்துச்சு.

எடுத்த முடிவுகளும் ஏன்னும்

அந்தப் படிக்கட்டுப் பேச்சு எங்க ஆர்க்கிடெக்ட் காதுக்குப் போனதும் பிளான் மாறுச்சு. நியூயார்க்குக்குப் பக்கத்துல யாங்கர்ஸ்னு ஒரு ஊரு, குறைஞ்ச வாடகை வீட்ட எல்லாம் வேணும்னே ஒரே மூலைல குமிச்சு வெச்சிருந்தாங்கன்னு 1985ல தீர்ப்பாச்சு, வெள்ளக்காரங்க இருந்த பகுதில 200 வீடு கட்டணும்னு உத்தரவு, ஊரே கொந்தளிச்சுது. அதுக்கு வடிவம் சொன்ன ஆஸ்கர் நியூமன் ஒண்ணுல பிடிவாதமா நின்னாரு: ஒரே எடத்துல அடுக்காதீங்க, ஏழு எடமாப் பிரிங்க, ஒவ்வொரு குடும்பத்துக்கும் சொந்த வாசக்கதவு, சொந்தமா கொஞ்சம் முற்றம் குடுங்க. பொதுப் படிக்கட்டும் பொது காரிடாரும் யாருக்கும் சொந்தமில்ல, அதனால அத யாரும் பாத்துக்கறதில்லங்கறது அவரு வாதம். 1992ல முதல் குடும்பங்க குடிவந்தாங்க. எங்களுக்கு இருந்தது ஒரே மனை, ஏழாப் பிரிக்க வழியில்ல, ஆனா ஒரே பெரிய பிளாக்க மூணு சின்ன பிளாக்காக்கி, தரைத்தளத்து வீடு எல்லாத்துக்கும் தெருவப் பாத்துத் தனி வாசல் வெச்சோம். மேல் மாடிக்குப் படிக்கட்டப் பிரிச்சு வெச்சோம், எட்டு குடும்பத்துக்கு மேல ஒரு படிக்கட்டப் பகிர்ந்துக்காத மாதிரி.

சுவத்துப் பக்கம் பாத்த ஜன்னல எல்லாம் உயரத்துல வெச்ச சமையலறை ஜன்னலா மாத்தியாச்சு. பராமரிப்புக்கு ஒரு ஆள் பேரு, போன் நம்பர், ரெண்டு நாளுக்குள்ள பதில்னு அஞ்சு வருஷத்துக்கு எழுத்துல குடுத்தோம். இதுதான் ரொம்ப மலிவான முடிவு, ஆடிட்டருக்கு இதுதான் ரொம்பப் புடிச்சுது.

ரெண்டு விஷயத்துக்கு முடியாதுன்னு சொன்னோம். ஒண்ணு, யாருக்கு வீடு குடுக்கறதுன்னு சங்கத்து கமிட்டி பாத்து ஓகே சொல்லணும்னாங்க. அது பேச்சுக்கே எடமில்ல. இன்னொண்ணு, ஃபிளாட்டுக்காரங்க மெயின் ரோட்டுல இருந்து வராம பின்னால சுத்தி வர்ற மாதிரி தனி வழி போடணும்னாங்க. நியூயார்க்ல 2014ல ஒரு ஆடம்பரக் கட்டடத்துல குறைஞ்ச வாடகைக்காரங்களுக்கு மட்டும் தனி வாசல் வைக்க அனுமதி குடுத்து, ஏழைக் கதவுன்னு பேரே வந்து, பெரிய சர்ச்சையாகி, அடுத்த வருஷமே சட்டத்த மாத்த வேண்டி வந்துச்சு. அந்தக் கதைய சொன்னதும் சங்கத்து செயலாளரே, சரி அத விடுங்கன்னுட்டாரு. பின் கேட்டு விஷயத்துல பேரம்தான் நடந்துச்சு, அவங்க செங்கல் வெச்சு அடைக்கணும்னாங்க, நாங்க தொறந்தே இருக்கணும்னோம், கடைசில காலைல ஆறுல இருந்து ராத்திரி ஒன்பது வரைக்கும் தொறப்புன்னு முடிஞ்சுது.

குடிவந்த பிறகு

முதல் ஆறு மாசத்துல பராமரிப்பு நம்பருக்கு கேட்டட் பக்கத்துல இருந்து 41 போன். அதுல 26 பார்க்கிங் புகார். ஒவ்வொண்ணுக்கும் வண்டி நம்பரக் குறிச்சுப் பாத்தா, பாதிக்கு மேல கேட்டட் கம்யூனிட்டி வீடுகளுக்கு வந்த விருந்தாளிங்க வண்டி, உள்ள எடமில்லாம வெளிய நிறுத்தினது. இத நாங்க பெருசா விளம்பரம் பண்ணல, செயலாளர்கிட்ட மட்டும் பட்டியலக் குடுத்தோம், அடுத்த ஆறு மாசத்துல பார்க்கிங் போன் நாலஞ்சாக் கொறஞ்சுது. திருட்டுன்னு பாத்தா ஒரே ஒரு சைக்கிள், அது போனதும் ஃபிளாட் பக்கத்துல இருந்துதான். அந்தக் காலத்துல கேட்டட் பக்கம் வித்தது நாலே வீடு, நாலு வெச்சு வெல ஏறிச்சு எறங்கிச்சுன்னு யாரு சொன்னாலும் நம்பாதீங்க, நானா இருந்தாலும் சரி.

மூணாவது மாசம் ஒரு காலைல பின் கேட்டுல பூட்டு. ஸ்கூல் பசங்க அந்த வழியா ஓடறாங்கன்னு ரெண்டு பேர் புகார் குடுத்து, சங்கம் யார்கிட்டயும் சொல்லாம பூட்டிருச்சு. நாங்க ஒப்பந்தத்தத் தூக்கிட்டுக் கெளம்பறதுக்குள்ள உள்ள இருந்தே சத்தம் வந்துச்சு. பஸ் ஸ்டாப்புக்கு நடந்து போற வயசானவங்க, வீட்டு வேலைக்கு வர்ற அம்மாக்கள், ஸ்கூலுக்குப் பிள்ளைய விடற அப்பாக்கள், எல்லாரும் மெயின் கேட்டச் சுத்தி முக்கால் கிலோமீட்டர் நடக்க வேண்டியதாப் போச்சு. எட்டாவது நாள் பூட்டு போயிருச்சு. அந்தப் பூட்டுக்காக நாங்க ஒரு லெட்டர்கூட எழுதல.

ரெண்டு பக்கத்தையும் பழக வைக்கணும்னு நாங்க நடத்தின செடி நடற நாள் ரெண்டும் சொதப்பல். அவங்க அந்த மூலைல, இவங்க இந்த மூலைல, நடுவுல எங்க பேனர். ஒரே எடத்துல குடியிருந்தா தானா கலந்துடுவாங்கன்னு இல்லங்கறத சிகாகோவுல வசதியானவங்களும் ஏழைங்களும் சேந்து இருக்கற கலப்புக் குடியிருப்புகள ஆராய்ஞ்ச சாஸ்கினும் ஜோசப்பும் முன்னாடியே சொல்லியிருக்காங்க, அங்க வாசப்படில உக்காந்து பேசறதே ஒழுங்கீனமான்னு சண்டை. பழகினது எப்பன்னா, மழைல சுவத்து ரெண்டு பக்கமும் தண்ணி நின்னப்ப. வடிகால் சரியில்ல, உள்ளாட்சில மனு குடுக்கணும், இங்க இருந்து மூணு பேர் அங்க இருந்து மூணு பேர். ஆடிட்டர் கணக்குப் பாத்தாரு, ஃபிளாட்ல இருந்த பஸ் டிரைவர் எந்த நேரத்துல எந்த எடத்துல எவ்வளவு தண்ணின்னு போட்டோ எடுத்து வெச்சிருந்தாரு. சரிசமமா உக்காந்து, ஒரே காரியத்துக்காக, சேந்து வேலை செஞ்சாத்தான் பழக்கம் மனச மாத்தும்னு உளவியல் அறிஞர் கார்டன் ஆல்போர்ட் 1954லயே சொன்னது இதத்தான்.

ரெண்டாவது வருஷம் வந்த மனு

இத நான் எதிர்பாக்கவே இல்ல. ஃபிளாட் குடியிருப்போர் குழுல இருந்து எங்களுக்கு ஒரு மனு: எங்களுக்கும் ஒரு கேட்டும் செக்யூரிட்டியும் வேணும். எதுக்குன்னு கேட்டா, கேட்டட் பக்கத்து விடலைப் பசங்க உள்ள சிகரெட் புடிச்சா மாட்டுவாங்கன்னு எங்க படிக்கட்டுல வந்து புடிக்கறாங்க, அங்க வர்ற டெலிவரி வண்டி எல்லாம் எங்க வாசல்லதான் திருப்பறாங்க, அவங்க செக்யூரிட்டி வெரட்டற ஆள் எல்லாம் எங்க பக்கம்தான் வந்து நிக்கறான். "அவங்களுக்கு மட்டும் பயம் இருக்கலாம், எங்களுக்கு இருக்கக் கூடாதா சார்?"னு ஒரு அம்மா கேட்டாங்க.

நான் கேட்டு வேணாம்னு வாதாடினேன். நாலு வருஷமா சுவத்துக்கு எதிரா பேசிட்டு இப்ப நாங்களே கட்டறதான்னு. கூட இருந்த அக்கா என்ன நிறுத்தி, பெரிய சுவத்துக்குள்ள இருக்கறவங்க பயத்தக் கேக்க பதினோரு வாரம் செலவழிச்ச, இவங்ககிட்ட ஒரு நாளாவது கேட்டியான்னாங்க. கேக்கல. விண்ணப்பப் பட்டியல் முதல் நாள்ல இருந்து என் கைல இருந்துச்சு, வீட்டு வடிவத்தப் பத்தி அந்தப் பட்டியல்ல இருந்த ஒருத்தர்கிட்டயும் நான் பேசல. ஓட்டுப்போட்டு முடிவு பண்ணினாங்க, படிக்கட்டுக்கு சாவி போடற கதவும் ராத்திரி முழுக்க லைட்டும் போதும், தெருவ அடைக்கற கேட்டு வேணாம்னு 39, கேட்டே வேணும்னு 17. அந்த 17 பேருக்கு இன்னும் வருத்தம் இருக்கு.

இன்னொரு தடவை செஞ்சா

நமக்கு எதிரா இருக்கற ஆய்வ நானே முதல் ஸ்லைடுல போடுவேன், 2.5 ஐயும் 6.5 ஐயும் பக்கத்துல பக்கத்துல. சுவத்த ஒட்டின வீட்டுக்காரங்க பயமும் கடைசி வரிசை வீட்டுக்காரங்க பயமும் ஒண்ணு இல்ல, ரெண்டையும் ஒரே கூட்டத்துல போட்டுக் கலக்க மாட்டேன். சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரே கூட்டம்னு வைக்க மாட்டேன், எழுதிக் குடுக்கற வழி, ஞாயித்துக்கெழமை ஒண்ணு, வாடகைக்காரங்களுக்குத் தனியா ஒண்ணு. குடிவரப் போறவங்கள பிளான் போடறதுக்கு முன்னாடியே கூப்பிடுவேன்.

கையெழுத்து வாங்கின அந்த அம்மா மனசு மாறல, இப்பவும் எதிர்ப்புதான், பாத்தா பேசறாங்க, கட்டியிருக்கக் கூடாதுன்னுதான் சொல்றாங்க. படிக்கட்டுல லைட் எரியுதான்னு மட்டும் ஒவ்வொரு தடவையும் கேப்பாங்க.

அப்புறம் அந்த எட்டு வீடு. யாரும் கேக்காத ஒண்ண பயத்துல விட்டுக் குடுத்தோம், அதுவும் வீடு வீடா போய் ஒரு வார்த்தை கேக்கறதுக்கு முன்னாடியே. அந்த எட்டுக்கு பதிலா விட்ட பார்க்கிங் எடத்த போன மாசம் போய்ப் பாத்தேன், பாதிக்கு மேல காலியாத்தான் கெடந்துச்சு, விண்ணப்பப் பட்டியல்ல இன்னும் எரநூறு பேருக்கு மேல காத்துட்டு இருக்காங்க.